மலை லாயத்துக்கு ஏற்ற கூளம்: ஈரத்தை உறிஞ்ச வேண்டும், தூசு கிளப்பக் கூடாது

கொடைக்கானலில் குதிரை வைத்திருப்பவரிடம் தீவனத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கொள்ளு எவ்வளவு, தவிடு எவ்வளவு, கேரட் எப்போது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார். லாயத்தில் குதிரைக்குப் படுக்கையாகக் கீழே என்ன கூளம் பரப்புகிறீர்கள் என்று கேட்டால், "கிடைத்ததைப் போடுகிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு செப்டம்பரில் கீழ்நாட்டிலிருந்து ஒரு லாரி நெல் வைக்கோல் ஏற்றி வந்தேன். பொன்னிறமாக, மொறமொறவென்று, குறை சொல்ல முடியாத வைக்கோல். லாயத்தின் பின்சுவரை ஒட்டி அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். நவம்பர் தொடக்கத்தில் எங்கள் செவலைப் பெண்குதிரை காலையில் வெளியே வந்ததும் இரண்டு முறை இருமியது. ஒரு வாரத்தில் அது ஆறு, ஏழு முறை ஆனது. குளிரின் வேலை என்று நினைத்து நான் சன்னலுக்குச் சாக்கு கட்டினேன். கால்நடை மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு குனிந்து ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து மறுகையில் இரண்டு தட்டுத் தட்டினார். சன்னல் வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்து, விழாமல் அப்படியே மிதந்தது. "இதைத்தான் ராத்திரி முழுவதும் இழுக்கிறது" என்றார்.

கூளம் எந்த ஊரில் விளைந்தது, என்ன விலை என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. மலைக்கு வந்த பிறகு அது உலர்ந்தே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அன்று கற்றதையும் அதற்குப் பிறகு செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

குதிரைக்கு ஏன் இவ்வளவு கவனம்?

குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். பெரிய குதிரை ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 5 லிட்டர் காற்றை இழுக்கிறது. தரையில் போட்ட புல்லைத் தின்னும்போதும் படுக்கும்போதும் மூக்கு கூளத்தின் மேலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய பூசண வித்துகள்தான் நுரையீரலின் அடி வரை போகின்றன. அங்கே ஒவ்வாமை ஏற்பட்டு, ஆண்டுக்கணக்கில் நீடித்தால், குதிரைக்கு ஆஸ்துமா வந்துவிடும். அதற்குப் பிறகு மருந்தை விடவும் சுத்தமான காற்றுதான் சிகிச்சை.

குதிரை நின்றபடியே தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். ஈரமான, கடினமான தரையில் பல குதிரைகள் படுக்கவே மறுக்கும். உறக்கம் கெட்ட குதிரை சவாரியில் தடுமாறும். ஏரியைச் சுற்றி அதன் முதுகில் ஒரு குழந்தையை ஏற்றி அனுப்புகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வாங்கும் முன் லாயத்தைப் பாருங்கள்

ஒரு வாளித் தண்ணீரை வெறும் தரையில் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் எந்தக் கூளம் போட்டாலும் நாறும். முதலில் அந்தப் பள்ளத்தைப் பூசி, வாசல் பக்கம் இலேசான சரிவு கொடுங்கள். சரிவு அதிகமானால் குதிரையின் கால் நரம்புகளுக்கு ஆகாது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் போதும்.

அடுத்து மேலே பாருங்கள். தகரக் கூரை பனிக்காலத்தில் வியர்க்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தகரத்தின் அடியில் வரிசையாகத் துளிகள் தொங்கும். சூரியன் பட்டதும் அவை கூளத்தின் மேல் சொட்டும். இதைத் தடுக்கத் தகரத்துக்கு அடியில் மூங்கில் பாயோ பலகையோ அடிக்கலாம். அதைவிட முக்கியம், சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியைத் திறந்தே விடுவது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போனாலும் ஆரோக்கியமான குதிரை தாங்கிக்கொள்ளும். நேரடியாக மேலே வீசும் வாடைக்கும் மழைச் சாரலுக்கும்தான் மறைப்பு தேவை. எல்லாப் பக்கமும் சாக்குக் கட்டி அடைத்த லாயத்தில், நல்ல கூளம்கூட ஒரே இரவில் கெட்ட காற்றைத் தரும். நான் சன்னலை அடைத்தது செவலையின் இருமலைக் கூட்டியது என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது படி: என்னென்ன கிடைக்கும், எது மலைக்கு ஒத்துவரும்

மரச்சீவல். தச்சுப் பட்டறையில் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுவது. என் முதல் தேர்வு இதுதான். பட்டறையில் இழைப்பது பெரும்பாலும் உலர்ந்த மரம் என்பதால் சீவலும் உலர்ந்தே வரும், அகலமான சுருளில் தூசு குறைவு, குதிரை தின்பதில்லை. தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரத்தைப் பிடிக்கும். ஆனால் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஒரு மூட்டைகூட எடுக்காதீர்கள். என்ன மரம்? பிளைவுட், துகள்பலகை அறுத்த தூளும் இதில் கலந்ததா? பூச்சி மருந்தோ வார்னிஷோ அடித்த மரமா? ஒட்டுப்பலகைத் தூளில் பசை இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். தேக்கும் ஈட்டியும் இழைத்த தூள் மனிதருக்கே தோலில் அரிப்பையும் மூக்கில் எரிச்சலையும் தருவது. பைன் போன்ற மென்மரச் சீவல் தனியாகக் கிடைத்தால் நல்லது. இறக்குமதி மரத்தில் சாமான் செய்யும் பட்டறையானால் இன்னும் எச்சரிக்கை தேவை: கறுப்பு வால்நட் மரத்தின் சீவல் சிறிதளவு கலந்திருந்தாலும், அதன்மேல் நின்ற ஒரே நாளில் குதிரையின் குளம்புக்குள் கடும் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும்.

தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கயிறு ஆலைகளில் மலைமலையாகக் குவிந்து கிடப்பது. உறிஞ்சுவதில் இதற்கு இணை இல்லை. தன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு நீரைக் குறையாமல் பிடிக்கும். சிறுநீர் விழுந்த இடத்திலேயே உருண்டு நிற்கும், பரவாது. குறைகள் இரண்டு. முழுக்க உலர்ந்தால் மாவு போலப் பறக்கும். கட்டியாக அழுத்தி விற்பதை உடைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் மலையில் அந்த ஈரம் காயவே காயாது. அதனால் பிப்ரவரி முதல் மே வரை, வெயில் உள்ள மாதங்களில் கட்டியை உடைத்துக் காயவைத்து மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறேன். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் தூசு எழாது. உப்புச் சுவை உள்ள நார்த்தூளைச் சில குதிரைகள் நக்கித் தின்னும். கழுவிய நார்த்தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

நெல் வைக்கோல். படுக்க மெத்தென்று இருக்கும், கதகதப்பும் தரும். ஆனால் தண்டின் மேல் மினுமினுப்பான பூச்சு இருப்பதால் சிறுநீர் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், குதிரை தன் படுக்கையையே தின்னும். பசித்த குதிரை இரவில் அரைப் படுக்கையைத் தின்று குடல் அடைத்து வலியில் புரண்டால், அந்த மலைப்பாதையில் நள்ளிரவில் மருத்துவரை எங்கே தேடுவது? வெயில் மாதங்களில், இருமல் இல்லாத குதிரைக்கு, குட்டி ஈன்ற குதிரைக்கு மட்டும் நல்ல வைக்கோலை ஒத்துக்கொள்வேன். மழை மாதங்களில் இல்லை.

உமி. பழனி, வத்தலக்குண்டுப் பக்கம் ஆலைகளில் மலிவாகக் கிடைப்பதால் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் பொருள். அந்தக் கடினத்தால் நீரை உறிஞ்சாது, வடியவிடும். ஆலைத் தவிடு கலந்திருந்தால் தூசும் உண்டு, அந்தத் தவிட்டுக்காகக் குதிரை உமியையும் சேர்த்து மென்று விழுங்கும். தனியாக வேண்டாம். சலித்த உமியை அடியில் இரண்டு அங்குலம் பரப்பி, மேலே சீவல் போட்டால் வடிகாலாக உதவும்.

மரத்தூள் எனப்படும் அறுவைத்தூள், பச்சை மரம் அறுத்த ஆலையிலிருந்து வந்தால் பாதி ஈரம். மூட்டைக்குள் கை விட்டால் சுடும். அது பூசணம் பிடிக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். உலர்ந்த மரத்தின் தூளோ கண்ணை மறைக்கும் அளவு பறக்கும். கடலைத்தோல் மலையில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். எரிபொருளுக்கு விற்கும் உருளைகளில் என்ன கலந்தது என்று சொல்ல ஆள் இல்லை. இவற்றை விட்டுவிடுங்கள்.

இனி மலைக்கே உரிய ஓர் ஆபத்து. காசு செலவில்லை என்று பலர் சரிவுகளில் அறுத்த பெரணியையும் களைச்செடிகளையும் காயவைத்துக் கொட்டிலில் பரப்புகிறார்கள். மாட்டுக்கொட்டிலில் நடந்த பழக்கம் குதிரை லாயத்துக்கும் வந்துவிட்டது. புல்வெளிச் சரிவில் இடுப்பளவு வளரும் பெரணியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. காய்ந்தாலும் அது போவதில்லை. படுக்கையிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற குதிரை சில வாரங்களில் கால் அகட்டி நிற்கும், தள்ளாடும், கவனிக்காவிட்டால் இறந்துவிடும். ஓடையோரங்களிலும் ஈரமான சாலைக் கரைகளிலும் ஊதா நிறத் தண்டும் வெள்ளைக் கொத்துப் பூவுமாக வளரும் யூப்பட்டோரியம் களை இன்னும் கொடியது. அதைத் தொடர்ந்து தின்னும் குதிரைக்கு நுரையீரலே தழும்பேறிப் போகும், குணமாக்க முடியாது. பெயர் தெரியாத எந்தச் செடியும் லாயத்துக்குள் வரக் கூடாது. பைன் காட்டுச் சருகு ஈரத்தை உறிஞ்சாது. வனத்துறை நிலத்திலிருந்து அள்ளுவதும் தவறு.

மூன்றாவது படி: பணம் கொடுக்கும் முன் சோதியுங்கள்

ஒரு மூட்டை மட்டும் வாங்கி வந்து வீட்டில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

தூசுக்கு: இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். மற்றவர் இரண்டு கைப்பிடி கூளத்தை மார்பு உயரத்திலிருந்து ஒளிக்கற்றையின் குறுக்கே விடவேண்டும். உடனே விழுவதைப் பற்றிக் கவலை இல்லை. விழுந்து முடிந்த பிறகு நூறு வரை எண்ணுங்கள். அப்போதும் ஒளியில் துகள்கள் சுழன்றுகொண்டே இருந்தால் அவைதான் நுரையீரலுக்குப் போகிறவை. பகலில் குற்றமற்றது போலத் தெரியும் சீவல்கூட இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

உறிஞ்சலுக்கு: அரைக் கிலோ கூளத்தை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் அமுக்கி வையுங்கள். காலையில் எடுத்து அரை மணி நேரம் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் நிறுங்கள். வெறும் ஈரத்துணியின் எடையைக் கழித்துவிட்டால், எத்தனை மடங்கு பிடித்தது என்று தெரிந்துவிடும். விற்பவர் சொல்லும் கணக்கு வேண்டியதில்லை. ஒரு மூட்டையின் விலையை அது பிடிக்கும் நீரால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்த உமி விலை உயர்ந்ததாகத் தெரியும்.

மறைந்திருக்கும் ஈரத்துக்கு: இது உப்புச் சோதனை. ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் ஒரு கைப்பிடி கூளத்தை நறுக்கிப் போட்டு இரண்டு கரண்டித் தூளுப்பைச் சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்தும் உப்பு பொலபொலவென்று இருந்தால் கூளம் உலர்ந்தது. கண்ணாடியில் ஒட்டினாலோ கட்டி தட்டினாலோ ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அடுக்கினால் பூசணம் வரும். கீழ்நாட்டில் இதை அப்படியே செய்யலாம். இங்கே மழைக்காலத்தில் டப்பாவில் உள்ள உப்பே நசநசவென்று இருக்கும். வாணலியில் வறுத்து, ஆறவைத்து, உடனே பயன்படுத்துங்கள்.

பிறகு மூக்கு. மூட்டையின் வாயை முகர்வது போதாது. முழங்கை வரை கை விட்டு நடுவிலிருந்து எடுத்து முகருங்கள். மண் வாடை, பழைய அலமாரி வாடை, புளிப்பு, எது வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது படி: மலையேற்றி, உலர வைப்பது

கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. உதகைக்கு ஜூன் மாதமே தொடங்கிவிடும். மழைக்கு முன்பே மூன்று மாதத்துக்குத் தேவையானதை ஏற்றிவிட வேண்டும். லாரி கீழே வெயிலில் கிளம்பும், மேலே மேகத்துக்குள் நுழையும். தார்ப்பாயை ஏற்றும் இடத்திலேயே கட்டச் சொல்லுங்கள்.

லாயத்துக்குள்ளேயே, குதிரையின் தலைக்கு மேல் பரண் கட்டி அடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தூசு அதன் மேல்தான் விழும். தனிக் கொட்டகையில் தரையிலிருந்து அரையடி உயரத்துக்கு மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடுவது நான் செய்த தவறு, உள்ளே வியர்த்துவிடும். மேலே மட்டும் மறைத்துப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் பத்து மூட்டைகளையாவது வெளியே புரட்டிப் போடுங்கள்.

ஐந்தாவது படி: பரப்புவது

குதிரையை வெளியே கட்டிவிட்டுத்தான் பரப்ப வேண்டும். தூசு அடங்க முக்கால் மணி நேரமாவது விட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையானால் அரையடி ஆழம் வேண்டும். பத்துக்குப் பத்தடி லாயத்துக்கு அது 50 கன அடி. ரப்பர் பாய் விரித்த தரைக்கு மூன்று அங்குலம் போதும். முதலில் செலவானாலும் ஒவ்வொரு மாதமும் கூளம் பாதியாகக் குறைவதால் பாய் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் பாய்க்கு அடியில் சிறுநீர் தேங்கும். மாதம் ஒரு முறை தூக்கிக் கழுவி நிறுத்திக் காயவிடாதவர் வாங்க வேண்டாம்.

சுவரோரம் ஓரடி உயரத்துக்குக் கரை கட்டுங்கள். சுவரை ஒட்டிப் படுத்துப் புரளும் குதிரை கால் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவிப்பதை அது தடுக்கும். போதுமா என்று பார்க்க, நடுவில் முழங்காலை மடித்துத் தொப்பென்று உட்காருங்கள். தரை தட்டினால் குதிரைக்கும் தட்டும்.

மழைக்காலத்தில் நான் போடும் கலவை: கீழே இரண்டு அங்குலம் நார்த்தூள், மேலே நான்கு அங்குலம் சீவல். ஈரத்தை நார்த்தூள் இழுத்துக்கொள்கிறது, மேல்பகுதி உலர்ந்து நிற்கிறது, தூளும் சீவலுக்கு அடியில் அடங்கிவிடுகிறது.

ஆறாவது படி: அன்றாட வேலை

ஒரு பெரிய குதிரை நாளுக்கு 5 முதல் 15 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா எழும். அது மூச்சுக்குழலின் உட்பூச்சை அரித்து, தூசை வெளியே தள்ளும் சக்தியைக் குறைத்துவிடும். தூசும் அம்மோனியாவும் சேர்ந்தால்தான் பெருங்கேடு.

காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, எதையும் தொடும் முன், உள்ளே போய்க் குந்தி உட்காருங்கள். முழங்கால் உயரத்தில் மூக்கு இருக்க வேண்டும். படுத்த குதிரையின் மூக்கு அங்கேதான் இருக்கிறது. கண் கரித்தாலோ நெடி அடித்தாலோ நேற்றைய சுத்தம் போதவில்லை. இரண்டு நிமிடம் தாமதித்தால் மூக்கு பழகிப்போய் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

லத்தியைப் பகலில் முடிந்தபோதெல்லாம் எடுங்கள். ஈரத்திட்டுகளை நாள்தோறும் தரை தெரியுமளவு தோண்டி எடுத்து, அந்த இடத்தைக் குதிரை திரும்பி வரும்வரை ஆற விடுங்கள். கோழிப்பண்ணை ஆழ்கூள முறையில் மேலே மேலே புதிது போட்டு மாதக்கணக்கில் விடுவது நீலகிரி, பழனி மலைகளின் ஈரத்துக்கு ஆகவே ஆகாது. அடியில் அழுகும் சூட்டில் பூசணம் வளரும், குளம்பின் அடியிலுள்ள மிருதுவான முக்கோணப் பகுதி கறுத்து அழுகும்.

நாற்றத்துக்கு நீற்றிய சுண்ணாம்பைத் தூவும் பழக்கம் இங்கே பரவலாக உள்ளது. அது காரத்தன்மையால் ஈரத்தில் கட்டுண்டிருக்கும் அம்மோனியாவை விரட்டிக் காற்றில் ஏற்றும். குளம்பையும் தோலையும் பொசுக்கும். அந்த ஈரக்கூளத்தை அள்ளி எறிவதற்கு மாற்று எதுவும் இல்லை. குளிருக்கு உள்ளே கரியடுப்பு வைப்பதும் வேண்டாம். கூளம் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருள்.

புல்லையும் மறக்காதீர்கள். படுக்கையை மாற்றியும் இருமல் நிற்கவில்லையென்றால் உலர்புல்லில் பூசணம் இருக்கலாம். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஏழாவது படி: குதிரையையே கேளுங்கள்

புதுக் கூளம் போட்ட முதல் இரண்டு வாரம், காலையில் அது அமைதியாக நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். ஓய்வில் 20-ஐத் தாண்டிக்கொண்டே போனாலோ, மூக்குத் துளை விரிந்தாலோ, மூச்சு விடும்போது வயிற்றுத் தசை இரண்டாம் முறை இறுகினாலோ மருத்துவரை அழைக்க வேண்டும். சவாரியின் தொடக்கத்தில் வரும் ஒன்றிரண்டு இருமலை "தொண்டையைச் செருமுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். பிடரியிலும் வாலிலும் சீவல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டியிருந்தால் இரவில் படுத்து உறங்கியிருக்கிறது. செவலையின் வாலில் அதைப் பார்க்க எனக்குக் கூளம் மாற்றிய பிறகு ஒன்பது நாள் ஆனது. இருமல் அடங்க இரண்டு மாதம் பிடித்தது.

எட்டாவது படி: அள்ளியதை என்ன செய்வது

பூம்பாறையில் பூண்டும் மன்னவனூர்ப் பக்கம் கேரட்டும் போடுகிறவர்களுக்குக் குதிரை எரு வேண்டும். ஆனால் சீவல் கலந்த எருவைப் பச்சையாக நிலத்தில் போட்டால், மரம் மட்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். ஒரு முறை ஏமாந்தவர் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார். லத்தியை முடிந்தவரை கூளமின்றித் தனியாக எடுத்துக் கொடுங்கள். கூளத்தைத் தனிக் குழியில், லாயத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, மாட்டுச் சாணத்தோடு மாற்றி மாற்றி அடுக்கி மேலே மறைப்புப் போட்டு, மாதம் ஒரு முறை புரட்டுங்கள். நார்த்தூளும் சீவலும் மட்க மலைக் குளிரில் ஓராண்டு ஆகும். கையில் எடுத்தால் சுருள் தெரியாமல், கறுத்து, மழை நனைத்த மண்ணின் வாசனை வந்ததும் தோட்டத்துக்கு அனுப்பலாம்.